இன்ஜின் தட்டுகிறது என்றால் உடனே இறக்கிவிட வேண்டுமா?

காரில் டக் டக் என்று கனமாக ஒரு சத்தம் வந்தால் நம் பக்கத்தில் முதலில் கிடைக்கும் பதில் "கான்ராட் பேரிங் போயிடுச்சு, இன்ஜின் இறக்கணும்" என்பதுதான். கான்ராட் என்பது பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் தண்டு, இன்ஜினை இறக்குவது என்றால் வண்டியிலிருந்து வெளியே எடுத்துப் பிரிப்பது. போனட்டைத் திறந்து, இரண்டு தடவை ரேஸ் பண்ணிக் கேட்டுவிட்டு, அங்கேயே நின்றபடி சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கான்ராட் மாதிரியே தட்டக்கூடிய வேறு சாமான்கள் ஒரு வண்டியில் நிறைய இருக்கின்றன, அவற்றில் பாதியை இன்ஜினைத் திறக்காமலேயே மாற்றிவிடலாம். எங்கள் வண்டியில் வந்தது அப்படி ஒன்று. அதைக் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எங்கள் வண்டிக் கோளாறு உங்கள் வண்டியில் இருக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் தேடிய வழி எந்த வண்டிக்கும் பொருந்தும்.

வண்டி 1200 சிசி பெட்ரோல், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில், அதனால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று தினமும் ஓடுகிற வண்டி. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கம் நெரிசலில் ஊர்ந்து, மரப்பாலம் சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போதுதான் கீழே இருந்து அந்தத் தட்டல் கேட்கும். மந்தமான, கனமான சத்தம், கால் வைக்கும் இடத்தில் லேசாக உணரவும் முடியும். ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி 1500 ஆர்பிஎம் தாண்டிவிட்டால் காணாமல் போய்விடும். காலையில் வீட்டில் ஸ்டார்ட் செய்யும்போதும் இருக்காது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. இன்ஜின் இறக்கணும், கிராங்க் லேத்துக்குப் போகணும், பேரிங் செட், கேஸ்கட் செட் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். தொகையைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் என்னை உறுத்தியது தொகை இல்லை. எப்போது தட்டுகிறது, எவ்வளவு நாளாகத் தட்டுகிறது, ஆயில் எப்போது மாற்றியது என்று ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று போனால்கூட டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்பார் அல்லவா?

அரியாங்குப்பத்தில் எங்கள் அப்பாவின் அம்பாசிடரைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயதாகிவிட்டது, இப்போது பெரிய வேலைகள் எடுப்பதில்லை, ஆனால் காது இன்னும் அப்படியே இருக்கிறது. அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். போனட்டைத் திறக்கவே இல்லை. "சத்தத்த அப்புறம் கேக்கலாம் தம்பி, அது எப்ப வருதுன்னு சொல்லு" என்றார். சூடாயிருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா? நிற்கும்போதா, இழுக்கும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுதா? ஏசி போட்டால் மாறுதா? கடைசியாக, "ஃபெஞ்சல் புயல்ல வண்டி தண்ணில நின்னுதா?"

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு கோளாறைச் சேர்க்கவோ கழிக்கவோ உதவுகின்றன.

சூடு, குளிர்ச்சி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் சிலிண்டர் சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அதனால் பிஸ்டன் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் சுவரில் மோதித் தட்டும், சூடேறி விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் அடங்கிவிடும். பேரிங் கதை நேர் எதிர். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருந்து இடைவெளியை நிரப்பும், சூடாகி இளகியதும் அந்தப் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தில் இடிக்கும். ஆகவே காலையில் தட்டி மதியம் அடங்கினால் பிஸ்டன் பக்கம் யோசிக்கலாம், காலையில் அமைதியாக இருந்து சூடானபின் தட்டினால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். எங்கள் வண்டி இரண்டாவது ரகம். அந்த அளவில் முதல் ஒர்க்‌ஷாப்பின் சந்தேகம் நியாயமானதுதான்.

அடுத்தது இழுவை. பாலம் ஏறும்போது, மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று மிதிக்கும்போது, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல் ஒரு சத்தம் வந்தால், அது சாமான் தட்டுகிற சத்தமே இல்லை. பிளக் கொடுக்கும் தீ பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிப்பதால் வருவது. உள்ளே கரி படிந்திருப்பது, இன்ஜின் அதிகமாகச் சூடாவது, பிளக் தவறான வகையாக இருப்பது, பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) குறைவது எல்லாம் இதற்குக் காரணம். இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கடலூர்க்காரர்கள் நிறைய பேர் எல்லை தாண்டிப் போய்த்தான் பெட்ரோல் போடுகிறோம், அங்கே வரி குறைவு, விலையும் குறைவு. வண்டியில் எது வந்தாலும் "பாண்டி பெட்ரோல் போட்டிருப்பே" என்று சொல்லும் பழக்கம் இங்கே உண்டு. பெட்ரோல் அதே கம்பெனிகளின் அதே பெட்ரோல்தான், வரிதான் வேறு. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் இதில் குற்றம் சொல்ல முடியாது. எத்தனாலின் ஆக்டேன் 100க்கும் மேல், அதைக் கலப்பதால் இந்த வகை வெடிப்பு குறையுமே தவிர கூடாது. 20 சதவீதம் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது, பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் கெடுகின்றன என்பதெல்லாம் வேறு கேள்வி.

எங்கள் வண்டியில் இழுக்கும்போது சத்தமே இல்லை, சும்மா நிற்கும்போதுதான். அதனால் இது கழிந்தது. கிளட்சை மிதித்துப் பார்த்ததில் மாற்றம் இல்லை, எனவே கியர்பாக்ஸ் பேரிங்கும் அநேகமாகக் கழிந்தது. ஏசி போட்டால் மட்டும் சத்தத்தின் தாளம் மாறும். இதைச் சொன்னபோது அண்ணன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். "சரி, சரி" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் ஓரப் பகுதிகளும் மூழ்கின. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தாலோ, முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போனாலோ, ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் அப்படியே தடைபட்டு நிற்க, கான்ராட் வளைந்துவிடும். கொஞ்சமாக வளைந்தால் வண்டி அப்போதைக்கு ஓடும், மாதங்கள் கழித்து ஒரு சிலிண்டரில் தட்டல் ஆரம்பிக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்போது பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். எங்கள் வண்டி அந்த வாரம் மேட்டில் இருந்த சித்தப்பா வீட்டில் நின்றது, தண்ணீர் படவில்லை.

அப்புறம்தான் போனட்டைத் திறந்தார். முதலில் ஆயில் டிப்ஸ்டிக். அளவு சரியாக இருந்தது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் அளக்கும் கேஜை மாட்டினார். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லை என்பதால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த விளக்கு பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் ஏறக்குறைய அரை பார் (பார் என்பது பிரஷரின் அலகு) அளவுக்கு விழுந்தால்தான் எரியும், அதற்குள் பேரிங் பட்டினி கிடந்திருக்கும். எங்கள் வண்டியில் நன்றாகச் சூடான நிலையில், ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) முள் 1 பாருக்கு மேலேயே நின்றது, ரேஸ் பண்ணினால் 3ஐத் தாண்டியது. பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதாகியிருந்தால் ஆயில் அந்த வழியாக ஒழுகி, சூட்டில் பிரஷர் தொங்கிப்போயிருக்கும். கேஜ் ஒரு சாதாரண சாமான், விலையும் அதிகமில்லை. இன்ஜினை இறக்கச் சொல்வதற்கு முன்னால் இதை மாட்டிப் பார்க்காத ஒர்க்‌ஷாப்பை நான் இனி நம்ப மாட்டேன்.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் நின்றால் அங்கே வெடிப்பு இல்லை, பிஸ்டனை அடித்துத் தள்ளும் விசை இல்லை. அந்த சிலிண்டரின் கான்ராட் பேரிங்தான் தட்டுகிறது என்றால், அந்தக் கனெக்டரைக் கழற்றிய உடனே சத்தம் அடங்கும் அல்லது வெகுவாகக் குறையும். எங்கள் வண்டியில் நாலிலும் இன்ஜின் நடுங்கியது, ஆர்பிஎம் இறங்கியது, தட்டல் மட்டும் துளியும் குறையவில்லை. இதையே சிலர் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றிச் செய்வார்கள், அது வேண்டாம். தீ இல்லாமல் பெட்ரோல் மட்டும் போய், எரியாமல் வெளியே வந்து, புகைக் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். இன்ஜெக்டரைக் கழற்றினால் அந்தத் தொல்லை இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனர் போட்டு அழித்துக்கொள்ளலாம்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினில் அங்கங்கே தொட்டுக் கேட்கும் பழைய முறைதான் அடுத்து. எனக்கும் கேட்கக் கொடுத்தார். மேலே ஹெட் கவரில் வைத்தால் டிக் டிக் என்று மெல்லிய சத்தம், அது இன்ஜெக்டரும் வால்வைத் தள்ளும் டேப்பட்டும், எல்லா வண்டியிலும் இருப்பது. நடுவில் பிளாக்கில் வைத்தபோது தட்டல் தூரத்தில் கேட்டது. கீழே ஆயில் சேம்பரில் வைத்தாலும் பெரிதாக இல்லை, கான்ராட் என்றால் அங்கேதான் பலமாகக் கேட்க வேண்டும். பெல்ட் ஓடும் பக்கம், முன் கவரின் அடிப்பகுதியில் வைத்ததும் காதுக்குள் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இதைச் செய்கிறவர்கள் சட்டைக் கை, துண்டு, முடி எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓடும் பெல்ட் விரலைச் சும்மா விடாது.

பெல்ட் பக்கம் என்றால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், டென்ஷனர் இதில் ஏதோ ஒன்றின் பேரிங். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்த்தார். வாட்டர் பம்ப் ஓடாது என்பதால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. பெல்ட் போனதும் சத்தமும் போய்விடும் என்று நான் எதிர்பார்த்தேன். போகவில்லை. கொஞ்சம் லேசாகி, ஒழுங்கில்லாமல் தட்டியது. சுற்றி நின்ற பையன்கள் இரண்டு பேரும் "அப்ப உள்ளதான்ணே" என்றார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "பெல்ட்ட கழட்டியாச்சு, பெல்ட்ட ஓட்டுற புல்லிய கழட்டலியே" என்றார்.

வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்ததும் கிராங்க் புல்லி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பார்க்க ஒரே வார்ப்பு இரும்புத் தட்டு மாதிரி இருக்கும், ஆனால் உற்றுப் பார்த்தால் நடுக்குடம் தனி, பெல்ட் ஓடும் வெளிவளையம் தனி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் வளையம். எங்கள் புல்லியில் அந்த ரப்பரின் ஓரம் வெடித்து, சில இடத்தில் பிதுங்கி, மேலெல்லாம் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. துணியால் துடைத்துவிட்டு, ஒயிட்னர் பேனாவால் நடுக்குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிவளையம் வரை நேராக ஒரு கோடு போட்டார். காய்ந்ததும் பெல்ட்டை மாட்டி, ஏசியைப் போட்டு, சில நிமிஷம் ஓட்டி நிறுத்தினோம். குடத்தில் இருந்த கோடும் வளையத்தில் இருந்த கோடும் இரண்டு விரல் அகலத்துக்கு விலகி நின்றன. ரப்பர் விட்டுப்போய், வளையம் தனியாக வழுக்கிச் சுற்றியிருக்கிறது. லீவர் கம்பியை வைத்து லேசாக அசைத்தால் வளையம் ஆடியது, ஆடும்போதெல்லாம் அதே டக்.

அந்த ரப்பர் எதற்கு என்றால், நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு வெடிப்பு நடக்கும். ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் தண்டை மிக மிகக் கொஞ்சமாக முறுக்கும், தண்டு திரும்பப் பழைய நிலைக்கு வரும்போது அதிரும். வெளிவளையத்தின் கனமும் ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்து அந்த அதிர்வை விழுங்கிக்கொள்கின்றன. எல்லா வண்டியிலும் இந்த ரப்பர் புல்லி இருக்காது, சின்ன இன்ஜின் சிலவற்றில் ஒரே இரும்பாகவே வரும். ரப்பர் விட்டுப்போனால், ஐடிலில் ஒவ்வொரு வெடிப்புக்கும் குடம் வெடுக்கென்று முன்னே போக, கனமான வளையம் பின்தங்கி இடிக்கும். சூடானபின் ரப்பர் இளகுவதால் இது கூடும். ஆர்பிஎம் ஏறினால் வெடிப்புகள் நெருங்கிவந்து சுழற்சி சீராகிவிடும், சத்தம் போய்விடும். ஏசி போட்டால் கம்ப்ரசரின் பாரம் வளையத்தை இழுத்துப் பிடிப்பதால் தாளம் மாறும். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒவ்வொன்றும் வந்து இங்கே உட்கார்ந்துகொண்டது. இதை அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் வளையம் கழன்று பெல்ட்டும் போய், வாட்டர் பம்ப் நின்று இன்ஜின் சூடேறியிருக்கும். ரொம்ப நாள் விட்டால் கிராங்க் தண்டுக்கே ஆபத்து.

இதே சோதனைகளில் கான்ராட் என்றே முடிவு வந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு எல்லாமே புல்லிதான் என்று யாரும் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இன்ஜெக்டரைக் கழற்றியதும் சத்தம் அடங்கினாலோ, சூட்டில் பிரஷர் விழுந்தாலோ, வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், இழுத்துக்கொண்டு போங்கள். "மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று சொன்னாலும் ஓட்டாதீர்கள். அந்த நிலையில் கிராங்க் இன்னும் கோடு விழாமல் இருந்தால் பேரிங் ஷெல் மட்டும் மாற்றிப் பிழைக்கலாம், இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் கிராங்க் லேத்துக்குப் போய் 0.25 மில்லிமீட்டர் கடைந்து, மெலிந்த கிராங்குக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டிவரும், அதற்கும் மேல் போனால் கான்ராட் உடைந்து பிளாக்கையே துளைத்து வெளியே வரும். ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை விட்டுப் பாருங்கள். பேரிங் ஷெல்லின் தேயும் பூச்சு அலுமினியம், தாமிரம் மாதிரி உலோகங்கள், காந்தத்தில் ஒட்டாது. ஆகவே ஒட்டாமல் மினுங்குவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

டீசல் வண்டியில் இவ்வளவோடு இன்ஜெக்டர் ஒழுகுவதும் சேர்ந்துகொள்ளும், அது பார்க்க டீசல் பம்ப், இன்ஜெக்டர் சரிசெய்யும் கடைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பழைய கார் விற்கிறவர்கள் சிலர் பேரிங் சத்தத்தை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில் போட வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலைப் போட்டால் ஐடிலில் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். வாங்கப்போகும்போது குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து கேளுங்கள், அரை மணி நேரம் ஏசி போட்டு ஓட்டிவிட்டுத் திரும்பவும் நின்று கேளுங்கள். கடலூரில் பக்கத்திலேயே இருக்கும் வெள்ளிக் கடற்கரை வரை ஒரு சுற்று போய்வந்து உடனே விலை பேச உட்கார்ந்தால் இன்ஜின் பாதிகூடச் சூடாகியிருக்காது.

புல்லி சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பழையதைக் கழற்றியதும்தான் ரப்பர் ஏன் போனது என்பதும் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் முன் ஆயில் சீல் கசிந்து, அந்த எண்ணெய் ரப்பரில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. புல்லியை மட்டும் மாற்றி விட்டிருந்தால் புது ரப்பரும் அதே எண்ணெயில் ஊறிப்போயிருக்கும். சீல் புல்லியைவிட எவ்வளவோ மலிவு, புல்லி வெளியே இருக்கும்போது மாற்ற அதிக நேரமும் ஆகாது. கிராங்க் போல்ட்டையும் புதிதாகவே போட்டோம், பல இன்ஜின்களில் அதை ஒருமுறைக்கு மேல் முறுக்கக் கூடாது. டார்க் ரென்ச் வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்குத்தான் முறுக்க வேண்டும், சில இன்ஜின்களில் டைமிங் செயினின் பல்சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் இந்த ஒரே போல்ட்தான். உங்கள் வண்டியில் புல்லி மாற்றச் சொன்னால் சீலையும் போல்ட்டையும் பில்லில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், சேர்க்கவில்லை என்றால் நீங்களே சேர்க்கச் சொல்லுங்கள்.